கொம்ப்ளே

சுனாமிக்கு அடுத்த வருஷம், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் லாட்ஜை ஒரு அறக்கட்டளைக்கு விற்றேன். மனநிலை சரியில்லாமல் தெருவில் கிடந்தவர்களுக்கு ஆளுக்கொரு அறையும், பார்த்துக்கொள்ள ஆட்களும் கொடுக்கப்போகிறார்களாம். சாவி கொடுக்கப் போய்க் கதவைத் தள்ளியதும், கதவில் தொங்கிய பழைய தகரப் பலகை ‘டங்’கென்று மோதியது.

அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஆறு வயசாகிவிடும். அழுக்கு மூட்டையோடு யாராவது படியேறினால், கதவோரம் உட்கார்ந்திருக்கும் அப்பா நிமிராமலே கையை நீட்டிப் பலகையை எழுத்துள்ள பக்கம் தெரியத் திருப்புவார். “கொம்ப்ளே” என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் ஆணிக்கு ஆணி சாவி தொங்கும். அது பிரெஞ்சு என்றுகூட எனக்குத் தெரியாது. துரத்துகிற வார்த்தை என்று நினைத்து, தெருநாயைக்கூட “கொம்ப்ளே, கொம்ப்ளே” என்றுதான் விரட்டுவேன்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு கிராமத்து அம்மா, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்த வளர்ந்த மகனோடு வந்தார். மறுநாள் காலையில் அவனை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமாம்.

“கொம்ப்ளேம்மா” என்றார் அப்பா.

“அப்டின்னா என்னாங்கய்யா?”

நான் முந்திக்கொண்டேன். “போன்னு அர்த்தம்.”

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மகனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்த அம்மா அவன் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனார்.

“அப்டின்னா என்னா சார்?” இப்போது, சாவி வாங்க வந்த அறக்கட்டளைப் பெண் பலகையைத் துடைத்து, அதிலிருந்த எழுத்தைக் காட்டிக் கேட்டார்.

“எல்லா ரூமும் நெறைஞ்சிடுச்சின்னு அர்த்தம்.”

“அப்ப இருக்கட்டும் சார். திங்கக்கெழம எல்லாரும் வந்துடுவாங்க. நாங்களே மாட்டிக்கிறோம்.”

அப்பாவைப் போலவே, நானும் நிமிராமல் சாவிகளை நீட்டினேன்.