கழிவு மேட்டுக்குத் திரும்பிய தண்ணீர் வண்டி

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் கூலிம் பக்கத்து ஈயச் சுரங்கமொன்றில் நான் மண் சுமந்தேன். அங்கே தண்ணீர் வண்டி ஓட்டியவரை எல்லாரும் வண்டிக்கார அண்ணன் என்றே கூப்பிட்டோம். ஒல்லியான ஆள். புருவமெல்லாம் தூசி படிந்து வெளுத்திருக்கும். நனைத்த துண்டால் முதலில் மாட்டின் கண்களைத் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தைத் துடைப்பார்.

சுரங்கக் கழிவு மணல் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மேடாகக் குவிந்திருந்தது. காற்றடித்தால் சோற்றில் மணல், பிள்ளைகளுக்கு ஓயாத இருமல். அண்ணன் கொண்டுவரும் தண்ணீரோ ஜப்பான் அதிகாரியின் கார் போகும் சாலைக்கு மட்டும்தான். அவர் சட்டையில் தூசி படக்கூடாதாம்!

ஒருநாள் என் மகள் இருமி இருமி மூச்சுத் திணறியதைப் பார்த்த அண்ணன், வண்டியை மேட்டுக்குத் திருப்பி, பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கிவிட்டார். ஓடிவந்து அவரை அறைந்தது, கூலிக் கணக்கு எழுதும் நம் தமிழ்க் கிராணிதான்.

"யாரக் கேட்டுடா இங்க ஊத்துன?"

"ரோட்டுக்கா இருமல் வருது, கிராணி?"

நான் அழுதுகொண்டே அண்ணனின் உதட்டு ரத்தத்தைத் துடைக்கப் போனேன். அண்ணன் என்மேலும் சீறினார்.

"என் மூஞ்சிய விடும்மா. தண்ணி காஞ்சா மறுபடி பறக்கும்லா. லாலாங் புல்ல அறுத்து மேட்ட மூடுங்க. உங்களுக்குக் கை இல்லயா?"

சுருக்கென்றது. அந்த வாரமே பெண்கள் எல்லாரும் புல் அறுத்து மேட்டை மூடினோம். தூசி பாதியாகக் குறைந்தது. ஆனால் அதற்குள் அண்ணனை, போனவர்கள் செத்து விழுந்த சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். அவர் பெயரை எழுதிக் கொடுத்தது கிராணி. அண்ணன் திரும்பவேயில்லை.

கிராணி நெடுநாள் வாழ்ந்தார். கோயிலுக்கு அவர் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நான் ஒருநாளும் எழுந்ததில்லை.