பாய் கழுவிய வானம்

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உமாபதியின் முகத்தில் சின்ன வயதில் அம்மை போட்டுவிட்டுப் போன தழும்புகள் ஏராளம். ஆனால் அவர் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜக்கரியா பாய், பென்சிலும் பிளேடுமாக நெகட்டிவிலேயே வேலை செய்து அத்தனையையும் எடுத்திருந்தார். அன்றிலிருந்து உமாபதி வேறு கடை வாசலை மிதித்ததில்லை.

எண்பத்தாறில் ஹேலி வால் நட்சத்திரம் வருகிறது என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஏற்கெனவே வானத்தைப் படம் பிடிக்கும் பைத்தியம் அவருக்கு. இரண்டு பலகைகளைக் கீலால் இணைத்து, மேலே கேமராவை ஏற்றி, நடுவிலிருக்கும் போல்ட்டை மெல்லத் திருகுவார். நட்சத்திரம் நகர நகரக் கேமராவும் கூடவே நகருமாம். கீல் வந்தது கோழிக்கூண்டுக் கதவிலிருந்து. கோழிகள் எங்கே போயின என்பதை அவர் மனைவி அம்சவள்ளியிடம் கேட்காமலிருப்பது நல்லது.

"இதத் தவறவிட்டா இன்னும் எழுபத்தாறு வருசம் காத்திருக்கணும் லா!" என்று தொழிலாளர் வீடுகள் வரிசைகட்டி நிற்கும் லயம் லயமாகப் போய்ச் சொன்னார். சித்திரை வருடப் பிறப்பன்று தோட்டத்துக் கிளப்பில் படத்தை மாட்டப்போவதாகவும் அறிவித்துவிட்டார். அந்தப் படம் வராவிட்டால் மானம் போய்விடும், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் முழுக்க, பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்பே, செம்பனைக் கன்று நட்ட வெட்டவெளியில் போய் நின்றார். மேகமும் கொசுவும்தான் மிச்சம். ஒரே ஒரு விடியலில் வானம் வழிவிட்டது. போல்ட்டைத் திருகித் திருகி விரல் வீங்க, ஃபிலிமை முடித்துக்கொண்டு பாயிடம் ஓடினார்.

"பாய், இது லேசுப்பட்ட படம் இல்ல. சுத்தமா கழுவணும். ஒரு புள்ளி, ஒரு கீறல் இருக்கக்கூடாது, ஆமா!"

"யாருகிட்ட சொல்றீங்க கிராணியாரே?"

மறு வாரம் பாய் பெருமையாக உறையை நீட்டினார். உள்ளே இருந்ததெல்லாம் கரேலென்று வெறும் தாள்.

"என்ன பாய் இது?"

"கண்ணே போயிருச்சு கிராணியாரே. படம் பூரா புள்ளி! நடுவுல ஒரு நீளக் கீறல் வேற. பூதக்கண்ணாடிய வெச்சு நெகட்டிவுல ஒண்ணு விடாம சுரண்டிட்டேன். இப்ப மாசு மரு இல்ல பாருங்க."

"அது நட்சத்திரம் பாய்! அந்தக் கீறல்தான் வாலு!"

பாய் பூதக்கண்ணாடியை எடுத்து அந்தத் தாளை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "புள்ளி இருக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். உமாபதிக்கு அழுகையே வந்துவிட்டது. வானமோ மறுபடியும் மூடிக்கொண்டிருந்தது.

வருடப் பிறப்பன்று, வேறு வழியில்லாமல், அந்தக் கறுப்புத் தாளுக்கே சட்டம் போட்டு, கீழே 'ஹேலி, 1986' என்று எழுதிக் கிளப்பில் மாட்டினார். செக்ரோல் என்கிற கூலிக் கணக்கில் எல்லாருக்கும் பேர் போடுகிற கிராணி மாட்டிய படத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்? ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீரன்தான் முதலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வாலு நல்லாத் தெரியுது லா" என்று மேல் மூலையைக் காட்டினார்.

அவ்வளவுதான், ஆளாளுக்கு வால் தெரிய ஆரம்பித்துவிட்டது. அது இடது பக்கமா வலது பக்கமா என்று சண்டைகூட மூண்டது. உமாபதி நைசாக நழுவி வீடு வந்து சேர்ந்தார்.

"ஒண்ணுமே இல்லாத படத்துல வாலப் பார்க்குறானுங்க! இவனுங்களுக்கு வாய் கூசாது?" என்று பொருமினார்.

அம்சவள்ளி அப்போது ஹாலில் கல்யாணப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இதுல என் பக்கத்துல நிக்கிறவரு யாருன்னு நா என்னைக்காச்சும் உங்களக் கேட்டிருக்கேனா?" என்றார்.