எண்ணெய் ஏறும் வரை

என் மனைவியின் அண்ணனைப் படகுத்துறையில் ‘எண்ணெய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். படகு இன்ஜின் மெக்கானிக். நிறுத்திப்போட்ட இன்ஜினில் எண்ணெய் எல்லாம் அடியில் இறங்கிவிடும், அப்படியே கிளப்பினால் உள்ளே இரும்போடு இரும்பு உரசும் என்பார். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது.

"ஓடுற படகுக்கு இதெல்லாம் எதுக்கு மச்சான்?"

"உன் படகு எங்க ஓடுது மாப்ள? பாதி வருஷம் கட்டித்தான கிடக்குது!"

என் வாயை அடைத்துவிட்டு, கிளப்புமுன் எண்ணெயை மேலே ஏற்றும் பம்பு ஒன்றைப் பொருத்தினார். எண்ணெய் ஏறாமல் சாவி வேலை செய்யாதபடி ஒயரும் இழுத்துவிட்டார். என் அவசரபுத்தி மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் காய்கறி கொண்டுபோவது என் மனைவியின் தொழில். அன்று திரும்பும் வழியில் அவளுடைய சின்னப் படகின் மோட்டார் நின்றுவிட்டது. காற்று பாறைப் பக்கம் தள்ளுகிறது என்று போனில் கத்தினாள். துறையில் வேறு படகே இல்லை. மாதக்கணக்காகக் கட்டிக் கிடந்த என் படகுக்கு மச்சானும் நானும் ஓடினோம்.

சாவியைத் திருப்பினேன். பம்பு முனகியது. அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை.

"இரு, ஏறும்," என்றார் மச்சான்.

படகின் விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. பேட்டரியில் மிச்சமிருந்ததையும் பம்பே குடித்துவிட்டால் இன்ஜினை எதை வைத்துச் சுற்றுவது?

"மச்சான், அவ பாறைகிட்ட போயிடுவா!"

முள்ளைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். தான் இழுத்த ஒயரைத் தானே பிய்த்து, சாவியை இன்ஜினோடு நேராக இணைத்தார்.

"கிளப்பு! இன்ஜின் போனா போய்த் தொலையட்டும்!"

இன்ஜின் வறண்ட தொண்டையில் அலறியது. மச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது.

நாங்கள் கயிறு வீசியபோது அவள் படகின் ஓரம் பாறையில் மோதி உடைந்திருந்தது. தொப்பலாக நனைந்து எங்கள் படகில் ஏறினாள்.

"ஏண்ணே இவ்ளோ நேரம்? செத்தேன்னே நினைச்சேன்."

தாமதம் மச்சானின் பம்பால்தான். வருஷக்கணக்காக அவரைக் கிண்டலடிக்கிறவன் நான், என்னிடம் வசமாக மாட்டியிருந்தார். பிய்த்த ஒயர் இன்னும் அவர் கையில் இருந்தது.

"கட்டியிருந்த கயிறு சிக்கிக்கிச்சு," என்றேன்.

மறுநாள் காலை என் படகில் பம்பு அதே இடத்தில் இருந்தது. பேட்டரி புதிது. அவசரத்தில் பம்புக்குக் காத்திராமல் கிளப்ப ஒரு பொத்தானைப் பொருத்திக்கொண்டிருந்தார் மச்சான்.

"சும்மா கிடக்கிற படகுக்கு பம்பு வேணும் மாப்ள. சாவியைப் பூட்டினதுதான் என் தப்பு." திருகாணியை இறுக்கினார். "கயிறு கதையெல்லாம் வேண்டாம். அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்."