வெளியே பார்த்த பூசணி முகம்

என் சின்ன மகளின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி. வெள்ளிக்கிழமை ஹாலோவீன், பிள்ளைகள் கறுப்பு உடையில் வரவேண்டும், பூசணி முகமூடி கட்டாயம். ஆம்பூரில் ஹாலோவீன்! மகள் ஆரஞ்சு துணியை அட்டையில் ஒட்ட உட்கார்ந்தாள். பசை வாசனை மூக்கில் ஏறியதும் ஷூ கம்பெனியில் சேர்ந்த புதிதில் நடந்தது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊருக்கு வெளிநாட்டுப் பண்டிகைகள் முதலில் ஆர்டராகத்தான் வந்தன. கிறிஸ்துமஸ் பூட்ஸுக்குக் கத்திரி வெயிலில் பஞ்சு வைத்தோம். காதலர் தினத்துச் சிவப்புச் செருப்பைக் கார்த்திகை மழையில் தைத்தோம். எது என்ன பண்டிகை என்று யாரும் சொன்னதில்லை. ஷிப்மெண்ட் தேதி மட்டும் தெரியும்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பத்தாவது முடித்து, ட்ரெய்னியாகச் சேர்ந்து ஐந்தாவது மாதம். ஆறாவது மாதம் சூப்பர்வைசர் சரி என்றால் பர்மனென்ட், இல்லையென்றால் வீட்டுக்கு. அப்பா படுத்த படுக்கை. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனாலும் வாயைத் திறந்து எதையும் கேட்க மாட்டேன். பாத்ரூம் போகக்கூடப் பக்கத்து மிஷின் ரஷீதாக்காதான் எனக்காகக் கேட்பார்.

ஒருநாள் குழந்தைகள் ஷூ வந்தது. கறுப்புத் தோல், முன்பக்கம் தைக்க ஆரஞ்சு நிறத்தில் பூசணி முகம். கோணல் கண், இளித்த பல்.

"இன்னாக்கா இது?"

"உங்க வாசல்ல கட்டுவீங்களே, திருஷ்டிப் பூசணி. வெள்ளைக்காரனும் கட்றான் போல."

எனக்கு ஒரே சந்தோஷம். அங்கேயும் கண் படுகிறது! திருஷ்டிப் பூசணி எதிரே வருபவரை முறைக்க வேண்டும், வீட்டுக்காரரையா முறைக்கும்? முகத்தை எதிரே நிற்பவருக்கு நேராகத் தெரியும்படி, வெளிப்பக்கம் பார்க்க வைத்துத் தைத்தேன். சாம்பிள் சூப்பர்வைசரின் பீரோவில் இருந்தது. கேட்டிருக்கலாம். மதியத்துக்குள் நாற்பது ஜோடி.

"யாரும்மா தெச்சது? போட்டுக்கற புள்ள குனிஞ்சா தலைகீழா தெரியும்!" என்று சூப்பர்வைசர் கத்தினார். தோலில் ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைக்க முடியாது. "நாளைலேர்ந்து வராத."

ரஷீதாக்கா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"சாம்பிள பீரோல வெச்சிப் பூட்டிட்டீங்க சார். அது எந்தப் பக்கம் பாக்குதுன்னு இவ கனவுலயா பாப்பா?"

"நீ இன்னா அவளுக்கு வக்கீலா?"

"ஆமா சார். ஃபீஸ் ஜாஸ்தி."

லைனே சிரித்துவிட்டது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. பீரோவை ஒருமுறை பார்த்தார். "மூணு மாசம் கூடுதலா ட்ரெய்னிங். போ."

நான் தப்பித்தேன். மறுநாளே அக்காவை, ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் பாட்டம் செக்‌ஷனுக்கு, அந்தப் பசை நெடிக்கு, மாற்றிவிட்டார். நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

அந்த நாற்பதும் ரிஜெக்ட் மூட்டையில் பஜாருக்குப் போயின. தீபாவளிக்கு முன்பு தார்ப்பாயில் குவித்து விற்றார்கள். "இது வெளிய பாக்குதுடி, புள்ளைக்குக் கண்ணு படாது" என்று பெண்கள் பொறுக்கி எடுத்ததை நானே பார்த்தேன். ஹாலோவீனும் அதையொட்டித்தான் வரும் என்று பிற்பாடு தெரிந்தது. அப்படிப் பார்த்தால், மகளின் பள்ளிக்கு ரொம்ப முன்பே ஆம்பூர் பிள்ளைகள் அதைக் கொண்டாடிவிட்டார்கள். பெயர்தான் தெரியாது.

இப்போது ரிஜெக்ட் எதுவும் வெளியே வருவதில்லை, உள்ளேயே வெட்டிவிடுகிறார்கள். நான் இன்னும் தையல் லைனில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு மிஷினுக்கும் மேலே சாம்பிள் படம் தொங்குகிறது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எதிர்ச் சுவரில், மணிக்கு எத்தனை ஜோடி என்று பலகையில் எண் ஓடுகிறது. பக்கத்துப் பெண்ணுக்காக ஒருத்தி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தால், அடுத்த நிமிஷமே அதில் எண் குறைவது தெரிந்துவிடும். யாரும் எழுவதில்லை. நானும்தான்.