வீட்டுத் தண்ணீர்

எனக்கு நோட்ஸ் சொல்லிக் கொடுக்கப் பிடிக்காது. எண்பதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் புவியியல் உதவி விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, முதலாம் வருடப் பிள்ளைகள் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்திருந்தார்கள். ரியூட்டரியில், தனியார் வகுப்பில், சொல்வதை எழுதிப் படித்த பழக்கம். நான் இருமினால் அதையும் எழுதிவிடுவார்கள் போலிருந்தது. ஒரு கேள்வி கேட்டால் மண்டபமே தலையைக் குனிந்துகொள்ளும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

நிலத்தடி நீர் பற்றிய பாடம் வந்தது. "நாளைக்கு எல்லாரும் வீட்டுத் தண்ணியிலை ஒரு போத்தல் கொண்டு வாங்கோ" என்றேன். குடாநாட்டில் மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அந்த நல்ல தண்ணீர் நடுவில் தடிப்பு, கரையோரம் மெல்லிசு; அதனால் கரைப்பக்கக் கிணறுகள் உவர்க்கும். மேசையில் சோக்கால் குடாநாட்டை வரைந்து, போத்தல்களை அந்தந்த ஊரில் வைத்து ருசி பார்த்தால், இது நாக்கிலேயே தெரிந்துவிடும் என்பது என் கணக்கு.

செய்தி துறைத்தலைவர் காதுக்குப் போனது. "பிள்ளை, இது பல்கலைக்கழகமோ, தண்ணீர்ப் பந்தலோ?" என்றார். தானும் வந்து பார்ப்பதாகவும், சரிவராவிட்டால் மறுநாளே நோட்ஸ் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்றும் சொன்னார். ஓய்வுபெறும் வரை நோட்ஸ் வாசித்துக்கொண்டே இருக்க என்னால் முடியாது.

மறுநாள் அவர் கடைசி வாங்கில் வந்து அமர்ந்தார். கரவெட்டி, கோப்பாய் என்று கரைக்குத் தள்ளியுள்ள ஊர்களின் தண்ணீரெல்லாம் நான் நினைத்தபடியே உப்பில்லாமல் இருந்தது. பிறகு, தீவுப்பக்கத்துப் பிள்ளையொன்று கொண்டுவந்த போத்தலை, கடல் நடுவே வரைந்திருந்த தீவில் வைத்து ருசி பார்த்தேன். மேசையிலிருந்த தண்ணீரிலேயே அதுதான் நல்ல தண்ணீர். என் பாடம் கவிழ்ந்துவிட்டது. துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இது உங்கடை கிணத்திலை அள்ளினதோ?" என்று அவளிடம் கேட்டேன்.

"கிணத்துத் தண்ணி உப்பெல்லோ மிஸ்? அதை உங்களுக்கு எப்பிடிக் குடிக்கத் தாறது? அண்ணை விடிய சைக்கிளிலை போய்க் கோயில் கிணத்திலை எடுத்துக்கொண்டு வாறவர். நாங்கள் குடிக்கிறது அதைத்தான்."

நான் கேட்டது வீட்டுத் தண்ணீர்; கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் இன்னொருவருக்குக் குடிக்க உவர்த் தண்ணீரை நீட்டமாட்டார்கள். அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

"எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தான் மிஸ்" என்றான் கரையோரத்துப் பெடியன் ஒருவன். "நீங்கள் எங்கை எடுக்கிறனீங்கள்?" என்று இன்னொருத்தி அவனைக் கேட்டாள். அந்த மண்டபத்தில் பிள்ளைகள் தாங்களாக எழுப்பிய முதல் கேள்வி அது. யாரோ என் கையிலிருந்த சோக்கைப் பறித்து, வீட்டிலிருந்து நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு ஒரு கோடு இழுத்தார்கள். ஆளாளுக்கு இழுத்தார்கள். கடைசியில் கரவெட்டிப் பெடியன், "கோடெல்லாம் கரையிலையிருந்து உள்ளுக்குத்தானே போகுது!" என்று கத்தினான். நான் சொல்ல வைத்திருந்ததை அவனே சொல்லிவிட்டான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

துறைத்தலைவர் எழுந்து வந்தார். மண்டபம் பழையபடி அடங்கிப்போனது.

"நாளைக்கு உங்கடை கிணத்துத் தண்ணியைக் கொண்டு வாரும்" என்றார் அந்தப் பிள்ளையிடம்.

"சேர், அது வாயிலை வைக்கேலாது."

"பரவாயில்லை, கொண்டு வாரும்."

மறுநாள் கொண்டு வந்தாள். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நாங்களெல்லாம் நாக்கு நனைத்ததோடு சரி; அவரோ அண்ணாந்து ஒரு வாய் நிறைய ஊற்றி விழுங்கினார்.

"உப்புத்தான்" என்று சொல்லிவிட்டு, போத்தலைத் தீவின் மேல் தன் கையாலேயே வைத்தார்.

அந்தப் பிள்ளை அவரையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். "சேர், உங்கடை வீட்டுத் தண்ணி எங்கை?" என்று கேட்டாள்.



"அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாறன், பிள்ளை" என்றார்.