கட்டிங் டேபிளில் ஓர் ஒத்திகை

"கையத் தூக்குங்க. மூச்ச விடுங்க. அட, எதுக்கு உள்ள இழுத்துப் புடிக்கிறீங்க, போட்டோவா எடுக்குறேன்?" என்று சொல்லிக்கொண்டே டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து, இடையில் இரண்டு விரலை நுழைத்துப் பார்க்கிறார் திலகவதி. பிறகு துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, நோட்டில் ஸ்டேப்ளரால் அடித்து, பக்கத்தில் அளவைக் குறிக்கிறார். பெயர் எழுதுவதில்லை. "பேரு மாறும் டீச்சர், துணி மாறாது" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கந்தர்வக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் அவர் கடை. வயது ஐம்பத்திரண்டு. கழுத்தில் டேப் எப்போதும் தொங்கும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அதோடு உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். பத்து வருஷமாக அவரிடம்தான் தைக்கிறேன். சொன்ன தேதியில் ஒரு ஜாக்கெட்டைக்கூட வாங்கியதில்லை.

கடையின் பின்பாதியில் ஒரு திரை. அதற்குப் பின்னால் அளவு கொடுக்கும்போது பெண்கள் புருஷனிடம் சொல்லாததையும் சொல்லிவிடுவார்கள். "எடது பக்கம் கொஞ்சம் லூசா வைங்கக்கா, என்னமோ ஒரசுது" என்று யாராவது சொன்னால் திலகவதி உடனே ரேடியோவை நிறுத்துவார். எத்தனை நாளாக, வலிக்கிறதா, டாக்டரிடம் காட்டினாயா என்று வரிசையாகக் கேட்பார். பதிலுக்குத் தலை குனிந்தால், அந்த ஜாக்கெட்டைத் தைக்கவே மாட்டார். "மொதல்ல ஸ்கேன் பாத்துட்டு வா. அப்பறந்தான் துணியில கத்திரி வைப்பேன்."

நான்கு வருஷத்துக்கு முன் அவருக்கே ஒரு கட்டி வந்தது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் துளிச் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்கு எழுதிக் கொடுத்தார்கள். என்ன செய்வார்கள் என்று யாரிடமும் கேட்காமல் போனார். டெஸ்ட் என்றாலே வெறும் வயிறு என்று நினைத்து முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. சதையை எடுக்கும்போது ஊசி டக்கென்று சத்தம் போட்டதும் துள்ளி எழுந்து, நர்ஸின் கண்ணாடியைத் தட்டிவிட்டார். பிறகு மயங்கி விழுந்தார். கடைசியில் அது சாதாரணக் கட்டிதான். "ஒண்ணுமில்லாத கட்டிக்கு அம்புட்டு கூத்து" என்று இப்போதும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். அதிலிருந்து இதுவரை ஆறு பேரைப் பயாப்ஸிக்குக் கூட்டிப் போய்வந்திருக்கிறார். அவர்களில் ஒருவருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது. அவர் இப்போது குன்றாண்டார்கோவிலில் நாலு மாடு வைத்துப் பால் கறக்கிறார். அவருக்கு ஒரு பக்கம் பஞ்சு வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதும் திலகவதிதான். சொன்ன தேதியில் தயாராகும் ஒரே ஜாக்கெட் அது.

ஏழாவது ஆள் பொன்னுத்தாய். முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர், நாற்பத்தேழு வயது. ஸ்கேனில் கட்டி தெரிந்துவிட்டது. பயாப்ஸி என்றதும் பயந்து, ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர் பாதியில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். சும்மா கிடக்கிற கட்டியை ஊசியால் குத்தினால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று அவர் தெருவில் எல்லோரும் சொன்னார்களாம். அவர் கணவர் வெள்ளைச்சாமி கடைக்கே வந்து வாசலில் நின்றார்.

"ஊசி பட்டு எதும் கெளம்பிருச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும் பாத்துக்கங்க."

"சொல்றேன் தம்பி. டாக்டரம்மாகிட்ட இதையே நாலு தடவ கேட்டுட்டேன். பரவாதுன்னுதான் சொல்றாக. கடைய தூக்கிக்கிட்டு நான் எங்கிட்டுப் போகப் போறேன்?"

அவர் போனபின் எனக்குத்தான் படபடப்பு. சோதனையில் கெட்ட செய்தி வந்தால் ஊர் பழியைக் கட்டியின் மேல் போடாது, ஊசியின் மேல்தான் போடும். திலகவதியின் மேல் போடும். அதற்குப் பிறகு எந்தப் பெண் இந்தத் திரைக்குப் பின்னால் வாயைத் திறப்பாள்? இதை அவரிடம் சொன்னேன். "தெரியும் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் கட்டிங் டேபிளில் கிடந்த யூனிபார்ம் துணிகளை அள்ளிக் கீழே போட்டார். கடைக்கு வரவழைத்திருந்த பொன்னுத்தாயை மேலே ஏறிப் படுக்கச் சொன்னார். கையைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்தார்.

"இப்பிடித்தான் படுக்க வைப்பாக. மொதல்ல ஜெல்லு தடவுவாக, சில்லுனு இருக்கும்" என்று ஈரத் துணியை ஜாக்கெட்டின் மேல் வைத்தார். பொன்னுத்தாய் "அய்யோ" என்றார். "இதுக்கே அய்யோவா? பெறகு மரத்துப் போற ஊசி. அது மட்டுந்தான் சுருக்குனு இருக்கும், எறும்பு கடிச்சாப்புல. அப்பறம் பொட்டு அளவுக்குத் தோல லேசாக் கீறி, டிவியில பாத்துக்கிட்டே பெரிய ஊசிய விடுவாக. வலிக்காது, அமுக்குறது தெரியும். ஆனா சத்தம் வரும்."

ஸ்டேப்ளரை எடுத்துப் பொன்னுத்தாயின் காதருகே டக்கென்று அடித்தார். பொன்னுத்தாய் துள்ளினார். மறுபடி டக். மறுபடி துள்ளல். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு முந்திரி உடைந்ததாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். "உசுரோட ஒருத்திய படுக்க வச்சு ஒத்திக பாக்குறாகளே" என்று பொன்னுத்தாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. பதினாலாவது டக்குக்கு அவர் அசையவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் சட்டதிட்டங்கள் வேறு. முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட், பவுடர் கூடாது, நாலு இட்லியாவது சாப்பிட்டிருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் சாப்பிட்டால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் ஃபாரம் படித்துச் சொல்லக் கூடப் போனேன். புதுக்கோட்டை பஸ்ஸில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பொன்னுத்தாயின் வாயில் ஊட்டாத குறையாகக் கொடுத்தார் திலகவதி.

உள்ளே கூடப் போக ஒருவருக்குத்தான் அனுமதி. திலகவதி போனார். வெளியே நான் கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. "டாக்டரம்மா சத்தம் வரும்னு சொல்ல வாயத் தொறந்தாக, டீச்சர். தெரியும்மா, பதினாலுதானேன்னேன். இல்ல, அஞ்சே அஞ்சுதான்னாக" என்றார் பொன்னுத்தாய். தையல் இல்லை. பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். ரெண்டு நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாது, கொஞ்சம் கன்றிப் போய் நீலமாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார் நர்ஸ். ஐஸ் ஒத்தடத்துக்குத் திலகவதி மல் துணியில் ஒரு சின்னப் பை தைத்துக் கொண்டுவந்திருந்தார்.

ரிசல்ட் வர ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் திலகவதி வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். செருப்புக் கடைக்காரரை வம்புக்கு இழுத்தார். என் ஜாக்கெட்டைச் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே கொடுத்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் கடையில் இருந்தபோது பொன்னுத்தாய் படியேறி வந்தார். பின்னால் வெள்ளைச்சாமி. அவர் கையில் கவர்.

"கேன்சர் இல்லயாம் அக்கா. சாதாக் கட்டிதானாம். ஆறு மாசங் கழிச்சு ஒரு ஸ்கேன் மட்டும் பாக்கச் சொன்னாக." சொல்லிவிட்டு பொன்னுத்தாய் அழுதுகொண்டே சிரித்தார். வெள்ளைச்சாமி கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "எங்க தெருவுல இன்னொரு பொண்ணும் கேட்டுச்சு, நாளைக்கி வரச் சொல்லவா?" என்றார்.

"வரச் சொல்லுங்க, வரச் சொல்லுங்க. இப்பக் கெளம்புங்க, எனக்கு ஸ்கூல் திறக்குறதுக்குள்ள நாப்பது சட்டை முடிக்கணும்" என்று இருவரையும் விரட்டாத குறையாக அனுப்பினார் திலகவதி.

பிறகு மெஷினில் உட்கார்ந்து குனிந்து மிதிக்க ஆரம்பித்தார். நான் பேச்சுக் கொடுத்தேன். மெஷின் வேகமாக ஓடியது. சட்டையின் கைத்துணி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்து, இரண்டு துண்டாகப் பிரிந்து தரையில் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். ஊசியில் நூல் இல்லை. திலகவதி முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, அந்தத் துண்டுகளை எடுத்துச் சேர்த்து, நூல் கோக்காமலே மறுபடியும் அதே இடத்தில் வைத்து மிதித்தார்.