ஹொக்கைடோ உப்போடு இன்சீன் வரை

ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்றுதான் போன சனிக்கிழமை காலை காரை எடுத்தேன். யங்கோன் தமிழர்களில் பலருக்கு என்னைப் பற்றித் தெரிந்த ஒரே செய்தி, ஜப்பானில் பனியில் கண்மண் தெரியாமல் ஓட்டி நண்பனின் காலை முறித்தவன் என்பது. உண்மையை எழுதுவதென்று முடிவு செய்தேன். அதற்குச் சாட்சியாக ஒரு படம் வேண்டும். படமெடுக்க வேண்டியது என் காரின் இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது.

நானும் காதரும் (அது அவன் உண்மைப் பெயர் அல்ல) பள்ளித் தோழர்கள். ஹொக்கைடோவின் வடகரையில் ஒரு சிறு துறைமுக ஊரில் ஆறு குளிர்காலங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். நான் குளிர்பதனக் கிடங்கில் பொறியாளர். அவன் பழைய கார்களைக் கப்பலேற்றும் யார்டில் வேலை பார்த்தான். இருவருக்கும் சேர்த்து ஒரு கார். அதில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காயிலோவர் சஸ்பென்ஷன் போட்டிருந்தோம்.

நவம்பர் முதல் ஞாயிறு எங்களுக்குப் பண்டிகை மாதிரி. பனி விழுந்தால் சாலையில் சக்கரத் தடங்கள் உறைந்து பள்ளமாகிவிடும். தாழ்ந்த கார் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும். அதனால் மூன்று சென்டிமீட்டர் ஏற்றுவோம். குளிரில், குலுக்கலை அடக்கும் டேம்பரின் எண்ணெய் கெட்டியாகும் என்பதால், அதன் திருகையும் நான்கைந்து கிளிக் மென்மைப் பக்கம் திருப்புவோம். ஸ்பிரிங்கைத் தாங்குவது மேல் வளையம். அது இறங்கிவிடாமல் பூட்டுவது கீழ் வளையம். இரண்டையும் இறுக்கிய பிறகு, குறுக்கே ஒரு பெயின்ட் கோடு. கோடு விலகியிருந்தால் வளையம் நழுவுகிறது என்று அர்த்தம். இடப் பக்கம் அவனுடையது, சிவப்புக் கோடு. வலப் பக்கம் என்னுடையது, வெள்ளை. வேலை முடிந்ததும் ஊரிலிருந்து தபாலில் வந்த லபெ என்ற ஊறவைத்த தேயிலையைப் பூண்டோடு பிசைந்து தின்போம். அந்த ஞாயிறுகளைப் போல் எனக்கு வேறு ஞாயிறு வாய்க்கவில்லை.

கடைசிக் குளிர்காலத்தில், ஏற்றிய மூன்றாம் வாரம், ஒரு வளைவில் கார் இடப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கம்பத்தில் மோதியது. நான்தான் ஓட்டினேன். வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டர். அடிபட்டது காதரின் இடது கால். இடது முன் வளையம் ஒரு விரற்கடை இறங்கியிருந்ததை அன்றே கவனித்தேன். இடப் பக்கம் அவன் பொறுப்பு. இருந்தும் சொல்லவில்லை, அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். காரைப் பழுதுபார்த்துக் கப்பலில் ஏற்றி, இருவரும் யங்கோன் திரும்பினோம். எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கும் பபேடான் வட்டாரம் முழுக்க என் வேகத்தைப் பற்றிப் பேசியபோது அவனும் வாயைத் திறக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

போன சனிக்கிழமை காலை 7.10க்குத் தின்கன்ஜூனில் என் வீட்டிலிருந்து கிளம்பினேன். நகரின் வடக்கே இன்சீன் பதினைந்து கிலோமீட்டர். மழையில் ஐம்பத்தைந்து நிமிடம். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர் தேங்கி, ஒன்பது வருடமாக அப்படியே விட்டிருந்த தாழ்ந்த இடது மூலை தரையைத் தட்டியது. பனிக்கு ஏற்றும் அதே மூன்று சென்டிமீட்டர் இந்த ஊர் மழைக்கும் தேவை.

ரயில்வே பட்டறைக்குப் பின் தெருவில் மெக்கானிக் ஊ சாமியின் கொட்டகை. மூன்று தலைமுறையாக இன்சீன்காரர். சக்கரத்தைக் கழற்றியவர், வளையங்களைச் சுற்றித் துணி டேப் ஒட்டியிருந்ததைக் காட்டினார். நான் ஒட்டியதல்ல. உள்ளே, பனி உருக ஜப்பான் சாலையில் தூவும் உப்பு வெள்ளையாகப் படிந்து துருவேறியிருந்தது.

“ஸயா, இது நம்மூரு துரு இல்ல. கருவாடு மாதிரி ஊறிக் கெடக்கு,” என்றார்.

துரு இளக்கும் எண்ணெயில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தார். போனைத் தயாராக வைத்திருந்தேன். கோடு தெரிந்தது. மேல் வளையத்தில் பாதி, கீழ் வளையத்தில் பாதி, இரண்டும் விலகி. சிவப்பு அல்ல. வெள்ளை.

கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. அந்த ஞாயிறு காதருக்குக் காய்ச்சல். உள்ளே போய்ப் படு என்று நான்தான் விரட்டினேன். நான்கு சக்கரத்தையும் தனியாகவே பார்த்தேன். கடைசியாக இடது முன் சக்கரம். பெயின்ட் பேனா உறைந்துவிடும் என்று பயந்து கோட்டை முதலில் போட்டேன். பிறகு விரல் மரத்துப்போய், கோடுதான் இருக்கிறதே என்று எழுந்துவிட்டேன். பூட்டு வளையத்தை இறுக்கவே இல்லை.

டேப்பும் புரிந்தது. கப்பலேற்றும் முன் காரின் அடியைக் கழுவியவன் காதர். ஊன்றுகோலோடு நின்றவன், பேப்பர் வேலையைப் பார் என்று என்னை அனுப்பிவிட்டான்.

இடது மூலையை ஏற்றிப் பூட்ட வைத்தேன்; கூலி 70,000 கியாட். பகல் 12.45க்குக் கிளம்பி 1.40க்குப் பபேடானில் அவன் குடைக்கடை முன் நிறுத்தினேன். காதர் காரைத்தான் முதலில் பார்த்தான்.

“ரெண்டு பக்கமும் ஒண்ணா நிக்குதே.”

“இன்சீன்ல ஏத்தினேன்.”

“டேப்ப பிரிச்சியா?”

“பிரிச்சேன். ஏண்டா சொல்லல?”

ஒரு குடையை மடக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னான். “நீ ஊர்ல எல்லார் மேலயும் கோவமாத் திரியறவன். ஒம்மேலயே கோவம் வந்துட்டா, ஒன்ன யாருடா வெச்சுச் சமாளிக்கறது? ஒக்காரு. ஒன்பது வருஷமா கோணலா ஓட்டுனியே, கழுத்து வலிக்கல?”

உட்கார்ந்தேன். டீ வந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவனும் அதற்காகக் காத்திருக்கவில்லை. நான் எழும்போது, அடுத்த சனிக்கிழமை லபெ வாங்கி வா என்று மட்டும் சொன்னான்.

பனிப் பிரதேசத்தில் காயிலோவர் வைத்திருப்பவர்களுக்கு: குளிருக்கு முன் வளையங்களின் மரையைப் பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் பூசி மூடுங்கள். சாலையில் உப்புப் போட்டால் வாரம் ஒருமுறை அடியைத் தண்ணீரால் கழுவுங்கள். உயரம் மாற்றியதும் சக்கர அலைன்மென்ட் பாருங்கள்; நூறு கிலோமீட்டர் ஓடியபின் பூட்டு வளையத்தை மறுபடி இறுக்குங்கள். இறுக்கிய பிறகுதான் கோடு. அங்கிருந்து வந்த காரை இங்கே வாங்குகிறவர்கள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து வாங்குங்கள்.

படம் போனில் இருக்கிறது, இங்கே போடவில்லை. ஊர் பேசியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் ஊருக்குத் தெரிந்தது என் வேகம் மட்டும். காதருக்கு மிச்சமும் தெரியும். ஒன்பது வருடம் அவன் யாரிடமும் என் பெயரைச் சொல்லிக் குற்றம் சொல்லவில்லை. இந்தப் பதிவின் அடியிலும் என் பெயரைப் போடாமலே வெளியிடுகிறேன்.